ஆறு வாரக் கணக்கு: கருப்பை அகற்றிய பின் ஓடுதல் குறித்த ஒரு சிறு வரலாறு

கருப்பை அகற்றும் அறுவைக்குப் பின் பெண்ணின் கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகள் தவறாமல் இடம்பெறும். ஆறு வாரம் ஓய்வு. கனமான பொருளைத் தூக்கக் கூடாது. எப்போது ஓடலாம் என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடம் இருப்பதில்லை. அதை முதலில் வகுத்தவர்களின் கற்பனையில் ஓடுகிற பெண் என்றொருத்தி இருந்ததே இல்லை என்பதுதான் காரணம். சுமை தூக்குகிற பெண் இருந்தாளா என்பதும் ஐயத்துக்குரியது. தூக்காதே என்று சொன்னால் தூக்காமல் இருக்கக் கூடியவளைத்தான் அந்த வாசகம் கண்முன் வைத்திருந்தது.

பெங்களூருவின் லிங்கராஜபுரம் போன்ற ஒரு பகுதியில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கும்போது அதன் சிக்கல் விளங்கும். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைநகரைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த நகரின் கிழக்கு, வடகிழக்கு விளிம்புகளில் தங்கின. 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் பிரேசர் டவுன் போன்ற திட்டமிட்ட குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கு அப்பால், இருப்புப்பாதையின் மறுபுறத்தில் இருந்த லிங்கராஜபுரம் போன்ற சிற்றூர்கள் மெல்ல நகருக்குள் கரைந்தன. இன்று அதே தெருக்களில் அடுக்குமாடி வீடுகளும் ஒற்றை அறை வாடகை வீடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2008 முதல் நடந்துவரும் பெங்களூரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் பெண்ணும், அவள் வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு விரையும் பெண்ணும் ஒரே தெருவில் வாழ்பவர்கள். இருவருக்கும் ஒரே அறுவை நடக்கலாம். ஒரே சீட்டும் கிடைக்கலாம். முதலாமவளுக்குச் சீட்டு போதவில்லை. இரண்டாமவளுக்கு அதைக் கடைப்பிடிக்க வழியில்லை.

இந்த அறுவையின் தொடக்கக் காலத்தில் திரும்பி ஓடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உயிர் மிஞ்சுவதே அரிது. 1813இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கான்ராட் லாங்கன்பெக் யோனி வழியாகக் கருப்பையை அகற்றினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அந்தப் பெண் பிழைத்தாள் என்பதைச் சக மருத்துவர்கள் நெடுநாள் நம்பவில்லை. வயிற்றைத் திறந்து செய்யும் முறையை 1843இல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே முயன்றார். அடுத்த ஆண்டு அவர் அறுவை செய்த மற்றொரு பெண் ஏறத்தாழத் தேறிவிட்ட நிலையில், பதினைந்தாம் நாள் படுக்கையை மாற்றும்போது பணியாளர்கள் கைதவறிக் கீழே போட்டதால் இறந்ததாக மருத்துவ வரலாறுகள் கூறும். 1853இல் அமெரிக்காவின் லோவல் நகரில் வால்டர் பர்ன்ஹாம் செய்த அறுவையே, வயிற்று வழி நடந்தவற்றில் நோயாளி உயிர்பிழைத்த முதலாவதாகக் கருதப்படுகிறது. அதுவும் திட்டமிட்டு நடந்ததன்று. வேறொன்றுக்காகத் திறந்த வயிற்றிலிருந்து, நோயாளி குமட்டியபோது கட்டியுடன் கருப்பை வெளியே வந்துவிட, திரும்ப உள்ளே தள்ள முடியாமல் அகற்றினார்.

அறுத்த உடல் அசையக் கூடாது என்ற விதி இந்த அச்சத்தின் பிள்ளை. தையல் பிரியும், சீழ் பிடிக்கும், குருதி பெருகும். ஆகவே வாரக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவமனைகள் இதை ஐயமின்றிக் கடைப்பிடித்தன. இதை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் மகளிர் நோய் மருத்துவரே. சிகாகோவின் எமில் ரீஸ் 1899இல் வெளியிட்ட கட்டுரையில், வயிற்று அறுவையும் யோனி வழி அறுவையும் செய்துகொண்ட பெண்களை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்கவிட்டதாகவும் அவர்கள் விரைவில் தேறியதாகவும் எழுதினார். மருத்துவ உலகம் அதைக் கேட்டுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. டெட்ராய்ட்டில் டேனியல் லைத்தாசர் 1938 முதல் அதே வழியில் சென்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படுக்கைகளும் செவிலியரும் போதாமல்போகவே கொள்கை மாறியது. 1947இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துரைத்தார்: கால் நரம்புகளில் குருதி உறைதல், தசை இளைத்தல், எலும்பு சுண்ணம் இழத்தல். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் வகுத்த விரைவுத் தேற்ற முறையில், அறுவை நடந்த நாளிலேயே நோயாளி எழுந்து நடப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று.

நடப்பதற்கான தடை இவ்வாறு உடைந்தது. ஆறு வாரக் கணக்கு மட்டும் உடையவில்லை. அது பேறுகாலத்திலிருந்து வந்த கணக்காகவே தோன்றுகிறது. மகப்பேற்றுக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ நாற்பத்திரண்டு நாள் ஆகும் என்பது மகப்பேற்று மருத்துவத்தின் பாடம். தமிழ் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு விதிக்கப்பட்ட நாற்பது நாள் காப்பும் பத்தியமும் வயிற்றில் துணி கட்டுதலும் இதே அளவை ஒட்டியவை. கருப்பையே இல்லாத உடலுக்கும் கருப்பை சுருங்கும் காலக்கணக்கை அளந்து கொடுப்பதில் ஒரு நகைமுரண் உண்டு. தையல் ஆறுவதற்கு வாரங்கள் வேண்டும் என்பது உண்மைதான். முழுக் கருப்பையும் கழுத்தும் அகற்றப்படும்போது யோனியின் மேல்முனை தைத்து மூடப்படுகிறது. அந்தத் தையல் பிரிவது அரிதெனினும் நேர்ந்தால் பேராபத்து. ஆனால் நாற்பத்திரண்டாம் நாளுக்கும் நாற்பத்துமூன்றாம் நாளுக்கும் இடையே திசுக்களில் எதுவும் மாயமாக மாறிவிடுவதில்லை.

ஓட்டத்தின் மீதான தடைக்கு வேறொரு வேர் இருந்தது. ஓடினால் கருப்பை இடம்பெயரும், கீழிறங்கும் என்ற நம்பிக்கை மேலைநாட்டு மருத்துவர்களிடமும் உடற்பயிற்சி ஆசிரியர்களிடமும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் எல்லையைத் தொட்டனர். செய்தித்தாள்களோ பெண்கள் வழியெங்கும் சுருண்டு விழுந்ததாக எழுதின. அடுத்த முறை அந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் நடந்தது 1960இல். 1966இல் பாஸ்டன் மராத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்ணுடல் அத்தொலைவுக்கு ஏற்றதன்று என்ற விடையே கிடைத்தது. அவர் புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு 261ஆம் எண்ணை அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை ஓட்டத்தின் நடுவே பிடித்து இழுத்தனர். பெண்களுக்கான ஒலிம்பிக் மராத்தான் 1984இல்தான் வந்தது. அதே ஆண்டு, அதே லாஸ் ஏஞ்சலஸில், பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்தார். இந்தியப் பெண்களின் ஓட்டம் வீட்டுப் பேச்சாக மாறியது அன்றிலிருந்து எனலாம்.

இதற்கு இணையாக இன்னொரு வரலாறு தமிழ்நாட்டில் இருந்தது. அது விளையாட்டு நூல்களில் வராது. கருப்பை உண்மையிலேயே கீழிறங்கிய பெண்களின் வரலாறு அது. அடி தள்ளுதல் என்று ஊர்ப்புறங்களில் அதற்கு ஒரு சொல்லே உண்டு. சொல் இருக்கிற அளவுக்கு நோயும் பரவலாக இருந்தது. செங்கற்பட்டு வட்டாரத்தில் 1981இல் தொடங்கப்பட்ட கிராமப்புறப் பெண்கள் அமைப்பான ருவ்செக்கின் தி.கா. சுந்தரி ரவீந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, கருப்பை இறக்கத்துடன் வாழ்ந்த பெண்களின் சொற்களையே சான்றாக்கியது. அடுத்தடுத்த பேறுகள், பேறு முடிந்து ஓய்வின்றி வயலுக்கும் சுமைக்கும் திரும்ப வேண்டிய நிலை ஆகியவை அந்தப் பெண்களின் வாழ்க்கையில் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. ஓடும் பெண்ணின் கருப்பையைப் பற்றிக் கவலைப்பட்ட மருத்துவம், நடவு நட்டுக் கட்டுச் சுமந்த பெண்ணைத் தடுத்து நிறுத்தியதாகச் சான்றில்லை. தடை வந்தது விருப்பத்துக்காக ஓடியவளுக்கு மட்டுமே. கூலிக்காகச் சுமந்தவளுக்குத் தடையும் வரவில்லை, ஓய்வும் வரவில்லை.

இந்தியாவில் கருப்பை அகற்றலின் அண்மைக்கால வரலாறு இந்த இரண்டாம் பெண்ணைச் சுற்றியே சுழல்கிறது. 2015-16இல் நடந்த நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வு முதன்முறையாக இதுபற்றிக் கேட்டது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பையை இழந்திருந்தனர். ஆந்திரத்தில் அது ஏறத்தாழ 9 விழுக்காடு. அறுவைகளில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மேலைநாடுகளில் நாற்பதுகளில் நிகழும் இந்த அறுவை இங்கே முப்பதுகளின் நடுவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்த 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். மாதவிலக்கு நாளில் ஒரு நாள் கூலி போனால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டிய தொழிலில், உறுப்பையே அகற்றிவிடுவது இலாபக் கணக்காகிவிட்டது. கர்நாடகத்திலேயே கலபுரகி மாவட்டத்தின் லம்பாணித் தாண்டாக்களில் தேவையற்ற கருப்பை அகற்றல்கள் நடந்தது 2015 அளவில் வெளிப்பட்டு, அரசு விசாரணைக்குக் குழு அமைத்தது. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் போன்ற, மருந்தால் தீரக்கூடிய குறைகளுக்கெல்லாம் புற்றுநோய் அச்சம் காட்டப்பட்டதாகப் பெண்கள் கூறினர்.

அறுவைக்குப் பின் வரும் உடல் பற்றிய கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருந்திருக்கிறது. முப்பத்தைந்து வயதில் சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகும். எலும்பு தேய்வதும் இதயநோய் நெருங்குவதும் விரைவுபடும். எலும்பைக் காக்கக் கூடியவற்றுள் ஒன்று, உடல் எடையைத் தாங்கித் தரையில் மோதும் இயக்கம். நடையும் ஓட்டமும் அத்தகையவை. ஆக, எந்தப் பெண்ணுக்கு அஞ்சி ஓட்டம் மறுக்கப்பட்டதோ அவளுக்குத்தான் அது மிகுதியும் வேண்டியிருக்கிறது.

எப்போது, எப்படி என்பதற்கு ஆய்வுலகம் தாமதமாகவே முகம்கொடுத்தது. 2006இல் அமெரிக்காவில் இங்ரிட் நைகார்டும் உடன் ஆய்வாளர்களும் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தை நேரடியாக அளந்தனர். அறுவைக்குப் பின் தடைசெய்யப்படும் பல வேலைகள் உண்டாக்கும் அழுத்தம், நாற்காலியிலிருந்து எழுவது உண்டாக்கும் அழுத்தத்தைவிட மிகுதியாக இல்லை. எழுவதை யாரும் தடைசெய்ததில்லை. பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வந்த எடை வரம்புகளுக்கு அளவீட்டு அடிப்படை எவ்வளவு மெலிது என்பதை அந்தச் சிறு ஆய்வு காட்டியது. ஓட்டத்துக்கென்று 2019இல் பிரிட்டனில் உடலியக்கச் சிகிச்சையாளர்கள் டாம் கூம், கிரைன் டொனெல்லி, எம்மா பிராக்வெல் ஆகியோர் வகுத்த வழிகாட்டி, மகப்பேறு கண்டவர்களுக்கானது. மூன்று மாதத்துக்கு முன் ஓட வேண்டாம் என்றும், முப்பது நிமிட நடை, ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்றல், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடுதல் முதலிய சோதனைகளை வலியோ, கனமோ, சிறுநீர்க் கசிவோ இன்றிக் கடந்த பின் தொடங்கலாம் என்றும் அது கூறியது. கருப்பை அகற்றியவர்களுக்குப் பல சிகிச்சையாளர்கள் இதையே கடன்வாங்குகின்றனர். மறுபடியும் பேறுகாலக் கணக்குத்தான். ஆயினும் இம்முறை நாட்காட்டிக்கு மேலாக உடலின் விடையும் கேட்கப்படுகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட விசை தரையிலிருந்து ஏறிவருகிறது; இடுப்புத் தளத் தசைகள் அதைத் தாங்கப் பழக வேண்டும். வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்கும், 1988இல் ஹாரி ரைக் தொடங்கிவைத்த நுண்துளை அறுவைக்கும் வெளிக்காயம் வேறு. உள்ளே யோனி முனையில் போடும் தையல் ஒன்றுதான். துளை சிறியது என்பதால் விரைந்து ஓடலாம் என்று எண்ணுவது பிழை.

சோதனைகளின் இந்தப் பட்டியலை லிங்கராஜபுரத்தின் வாடகை அறையில் வாசித்துப் பார்த்தால் அதன் இன்னொரு முகம் தெரியும். குழாயிலிருந்து மாடிக்குக் குடம் சுமப்பவள் அதன் எல்லாப் படிகளையும் இரண்டாம் வாரத்திலேயே சோதனை இன்றிக் கடந்திருப்பாள். கசிவும் கனமும் இருந்தால் அவற்றைச் சொல்ல வேண்டிய இடம் எது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இடுப்புத் தளப் பயிற்சி ஓட்டக்காரர்களின் சொல்லாகவே புழங்குகிறது. அது பொது மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு இன்னும் முழுமையாக இறங்கவில்லை.

மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்ட, தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்றது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைவதும் அந்நெறிகளில் அடங்கும். அறுவை நடப்பதற்கு முந்தைய முடிவே அவற்றின் முதன்மைக் கவலை, அது நியாயமானதும்கூட. குடும்பநல ஆய்வின் வினாத்தாளும் கருப்பை அகற்றப்பட்டதா, எவ்வளவு காலத்துக்கு முன், எங்கே, எதற்காக என்று கேட்கிறது. எத்தனை நாளில் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள் என்ற வினா அந்த வரிசையில் இல்லை.