பேசாத ஹைட்ரஜனும் அதன் சாட்சிகளும்

கிரகங்கள் பிறக்கும் தட்டுகளின் வரலாறு பெரும்பாலும் தூசியின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1984இல் பிராட்ஃபோர்ட் ஸ்மித்தும் ரிச்சர்ட் டெரிலும் பீட்டா பிக்டோரிஸ் விண்மீனைச் சுற்றிய தட்டைப் படமெடுத்தார்கள். 2014இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள ஆல்மா தொலைநோக்கி, எச்.எல். டாரி என்கிற இளம் விண்மீனைச் சுற்றிய வளையங்களைக் காட்டியது. இரண்டுமே தூசியின் படங்கள்தாம். ஆனால் இளம் தட்டின் நிறையில் தூசி நூற்றில் ஒரு பங்கு என்றுதான் வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். மீதி வாயு. அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன்.

பெரும்பான்மை ஏன் படத்தில் இல்லை? ஹைட்ரஜன் மூலக்கூறு ஒரே மாதிரியான இரண்டு அணுக்களால் ஆனது. மின்னேற்றம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. ஆகவே குளிர்ந்த நிலையில் அது ஏறக்குறைய எந்தக் கதிரையும் வெளியிடுவதில்லை. விண்மீனுக்குப் பக்கத்தில் சூடேறிய கொஞ்சம் மட்டும் தெரியும். மத்ததெல்லாம் இருட்டு.

வேறு வழியில்லை, சாட்சி தேடினார்கள். கிடைத்தது கார்பன் மோனாக்சைடு. 1987இல் அனீலா சார்ஜென்ட்டும் ஸ்டீவன் பெக்வித்தும் கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் வேலி ரேடியோ தொலைநோக்கிகளைக் கொண்டு எச்.எல். டாரியைச் சுற்றி இந்த வாயு சுழல்வதாக அறிவித்தார்கள். அதன்பின் இந்த வாயுவே தட்டுகளின் பிரதிநிதி ஆயிற்று. விண்மீன்களுக்கு இடைப்பட்ட மேகங்களில் சுமார் பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு உண்டு. அதே விகிதத்தைத் தட்டுகளுக்கும் போட்டுப் பெருக்கினார்கள். பேசுகிறவனை எண்ணி ஊர்த்தொகை சொல்கிற கணக்கு இது.

இந்தச் சாட்சியோ குளிர் தாங்காது. சுமார் 20 கெல்வினுக்குக் கீழே தூசித் துகள்மேல் பனியாக உறைந்துவிடும். உறைந்தபின் பதிவில் இல்லை. அதனால் வாயுவே இல்லையென்று ஆகிவிடுமா?

2013 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. எட்வின் பெர்கின் குழுவினர் ஹெர்ஷல் விண்தொலைநோக்கியால் டி.டபிள்யூ. ஹைட்ரே தட்டில் ஹைட்ரஜன் டியூட்டரைடைக் கண்டார்கள். ஹைட்ரஜனின் சொந்தக்காரன் இது. ஓரணு கனமானதால் சமநிலை லேசாகக் குலைந்து, மெலிதாகப் பேசுகிறது. தட்டின் நிறை சூரியனில் இருபதில் ஒரு பங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. கார்பன் மோனாக்சைடோ பழைய விகிதம் சொல்கிற அளவுக்கு அங்கே இல்லை. சாட்சியை மட்டும் நம்பியிருந்தால் தட்டு ஏழையென்று முடிவாகியிருக்கும்.

அதே ஆண்டு ச்சுன்ஹுவா ச்சி குழு இன்னொரு வழியைக் காட்டியது. டைஅசெனிலியம் என்கிற அயனியைக் கார்பன் மோனாக்சைடு வாயு அழித்துவிடும். எனவே அந்த அயனி பிழைத்திருக்கும் இடம்தான் கார்பன் மோனாக்சைடு உறைந்த இடம். ஒன்றின் இல்லாமையை இன்னொன்றின் இருப்பிலிருந்து வாசித்தார்கள்.

2013 ஏப்ரலிலேயே ஹெர்ஷலின் குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்தது. அதற்குள் ஹைட்ரஜன் டியூட்டரைடு அகப்பட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய சில தட்டுகளில் மட்டுமே. கருவி போனால் ஆவணக்களரியும் மூடிக்கொள்கிறது.

விளிம்புநிலை வரலாறு பேசுகிறவர்களுக்கு இந்த முறையியல் புதிதல்ல. 1983இல் ரணஜித் குஹா, கிளர்ச்சி செய்த விவசாயியைக் காலனிய அதிகாரியின் அறிக்கையிலிருந்தே மீட்டெடுக்கப் பார்த்தார். அங்கும் சாட்சி இன்னொருவன். அவன் எங்கே உறைந்துபோகிறான் என்பதை அறியாமல் அவன் சொல்லை எண்ணிக்கையாக்க முடியாது.

ஆனால் ஒப்புமையை ரொம்பத் தூரம் இழுக்கக் கூடாது. ஹைட்ரஜனின் மௌனம் அதன் அமைப்பிலேயே இருப்பது, யாரும் சுமத்தியதல்ல. மக்கள் பேசினார்கள், பாடினார்கள், மனுக் கொடுத்தார்கள். அவற்றைப் பதியாமல் விட்டது ஒரு அதிகாரம். வானியலாளனுக்கு நல்ல சாட்சி கிடைத்தால் போதும். நமக்கு அது போதாது. சாட்சியை யார் நியமித்தார்கள், எந்த விகிதத்தால் பெருக்குகிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.