மட்டையும் வாழ்வும்: நிருபமா வைத்தியநாதன் நடந்த வழி

ஓர் ஆட்டத்தில் வல்லவராதல் வேறு. அவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்தல் வேறு. முன்னதற்குத் திறமையும் பயிற்சியும் போதும். பின்னதற்கு அவற்றோடு பொருளும் துணையும் துணிவும் வேண்டும். ஆடவர்க்கே அரிதாயிருந்த இவ்வழி, பெண்களுக்கு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. அந்த வழி எவ்வாறு திறந்தது, அதில் நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் எவ்வாறு நடந்தார் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அப்பெண்மணி கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன். ஆட்டம் டென்னிஸ்.

மாணவ மணிகளே! வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், ஒரு தொழில் பிறந்து வளர்ந்த கதையும் வரலாறே. யார் உழைத்தார்கள், யாருக்குக் கூலி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்போமாயின், விளையாட்டின் வரலாறும் நமக்குப் பல உண்மைகளைக் கூறும்.

டென்னிஸ் ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இன்றைய வடிவம் பெற்றது. விம்பிள்டனில் ஆடவர் போட்டி 1877-இலும், பெண்கள் போட்டி 1884-இலும் தொடங்கின. அக்காலத்தில் அது செல்வர்களின் ஆட்டம். பணத்திற்காக ஆடுவது இழிவு எனக் கருதப்பட்டது. ஊதியம் பெற்று ஆடியவர்களைப் பெரும்போட்டிகளில் சேர்க்கவே மாட்டார்கள். இது கேட்பதற்கு உயர்ந்த கொள்கைபோல் தோன்றும். ஆனால் விளைவு என்ன? வீட்டில் செல்வம் உள்ளவர்களே ஆட முடியும். மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும் என்பதே அதன் விளைவு.

அந்த நாளிலேயே இந்தியப் பெண்கள் சிலர் இவ்வாட்டத்தில் பெயர் பெற்றனர். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் நோரா பாலி என்பார் இந்தியாவின் சார்பில் டென்னிஸ் ஆடினார். 1934-இல் லீலா ராவ் விம்பிள்டன் களத்தில் ஓர் ஆட்டத்தில் வென்று, அங்கு வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். இவருடைய அன்னையார் பண்டித க்ஷமா ராவ், வடமொழிக் கவிஞர். அவரும் டென்னிஸ் ஆட்டக்காரர். கல்வியும் வசதியும் ஒருங்கே அமைந்த இல்லத்தில் பிறந்தவர் லீலா ராவ். அவருடைய பெருமையை இது குறைக்காது. ஆயினும் அத்தகைய இல்லத்தில் பிறவாத பெண்ணுக்கு வழி எது என்னும் வினா அப்போதும் எஞ்சியே நின்றது.

அவ்வினாவின் கொடுமையைத் தம் வாழ்வால் உலகுக்குக் காட்டியவர் ஆல்தியா கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1927-இல் தென் கரோலினா மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். நிறவேற்றுமை காரணமாகப் பெரும்போட்டிகளின் கதவு அவருக்கு மூடிக் கிடந்தது. 1950-இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்னும் சிறப்பை அவர் பெற்றார். அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த நல்லெண்ணப் பயணத்தில் 1955-56-இல் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்கும் வந்து ஆடினார். 1956-இல் பிரெஞ்சுப் பட்டமும், 1957, 1958 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் வென்றார்.

விம்பிள்டன் கோப்பையை எலிசபெத் அரசியார் தம் கையால் வழங்கினார். நியூயார்க் நகரம் ஊர்வலம் நடத்தி வரவேற்றது. ஆனால் அப்பட்டங்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது! உலகின் முதல்நிலை வீராங்கனைக்கு வாழ்க்கை நடத்த வழியில்லை. ஆகவே அவர் தொழில்முறை ஆட்டக்காரராக மாறினார். பெண்களுக்கெனத் தொழில்முறைப் போட்டிகள் அன்று இல்லாமையால், கூடைப்பந்துக் காட்சி நடத்திய ஒரு குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று, அவர்களுடைய ஆட்டத்துக்கு முன்னே டென்னிஸ் ஆடிக் காட்டினார். பின்னர்க் கோல்ஃப் ஆட்டத்துக்கும் சென்றார். முதுமையில் வறுமை அவரை வாட்டியது. பழைய தோழியரும் அன்பர்களும் பொருள் திரட்டி உதவ வேண்டியதாயிற்று. 2003-இல் அவர் மறைந்தார்.

1968-ஆம் ஆண்டு ஒரு பெரும் மாற்றம் நேர்ந்தது. ஊதியம் பெறுவோரும் பெறாதோரும் ஒரே களத்தில் ஆடலாம் என்னும் விதி வந்தது. இதையே 'திறந்த காலம்' என்பர். அவ்வாண்டு விம்பிள்டனில் முதன்முறையாகப் பரிசுப் பணம் வழங்கப்பட்டது. ஆடவர் பட்டம் வென்ற ராட் லேவர் பெற்றது 2,000 பவுன். பெண்கள் பட்டம் வென்ற அமெரிக்கர் பில்லி ஜீன் கிங் பெற்றது 750 பவுன். கதவு திறந்தது உண்மை. ஆனால் பெண்ணுக்குப் பாதிக் கதவே திறந்தது.

1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போட்டி ஒன்றில் ஆடவர்க்கு 12,500 டாலரும் பெண்ணுக்கு 1,500 டாலரும் முதற்பரிசு என அறிவித்தார்கள். ஒன்பது பெண்கள் இதற்கு இணங்க மறுத்தனர். எழுவர் அமெரிக்கர், இருவர் ஆஸ்திரேலியர். கிளாடிஸ் ஹெல்ட்மன் என்னும் பத்திரிகை ஆசிரியை முன்னின்று உதவ, அவ்வொன்பதின்மரும் ஹூஸ்டன் நகரில் ஆளுக்கு ஒரு டாலர் பெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி தொடங்கினர். சங்கத்தாரின் தடை வரும் என்று அறிந்தே அவர்கள் இதைச் செய்தனர். 1973-இல் பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டே அமெரிக்கப் பொதுப் போட்டி ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் சமமான பரிசு வழங்கியது. விம்பிள்டன் அதே நிலைக்கு வர 2007 வரை 34 ஆண்டுகள் ஆயின. இன்று நான்கு பெரும்போட்டிகளிலும் பரிசு சமம்.

இவ்வாறு அமைந்த பாதையில்தான் நம் கோயம்புத்தூர்ப் பெண் காலடி வைத்தார். நிருபமா 1976-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் கே. எஸ். வைத்தியநாதன் மாநிலத்திற்காகக் கிரிக்கெட் ஆடியவர். அவரே மகளுக்கு முதல் ஆசானும் ஆனார். குழந்தைப் பருவத்திலேயே மட்டை பிடித்த நிருபமா, பதின்பருவத்திலேயே பெரியவர்களோடு பொருதித் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றினார். நாட்டுக்குள் வெல்வதற்கு இனி எதுவும் இல்லை என்னும் நிலை வந்தபோது, உலகப் போட்டிகளுக்குப் புறப்பட்டார். உண்மையான சோதனை அங்கேதான் தொடங்கியது.

தொழில்முறை டென்னிஸ் ஓர் ஏணி போன்றது. மேற்படியில் நான்கு பெரும்போட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுவர். அவருட் பெரும்பாலோர் உலகத் தரவரிசையின் வலிமையால் நேரே இடம் பெறுவர். எஞ்சிய சில இடங்களுக்குத் தகுதிச் சுற்று உண்டு. அதில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் வெல்ல வேண்டும். தரவரிசையில் உயர்வதற்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகளைப் பெறுவதற்குக் கீழ்ப்படியிலுள்ள சிறு போட்டிகளில் ஆட வேண்டும். நிருபமா ஆடிய காலத்தில் அப்போட்டிகளுள் மிகச் சிறியவற்றின் மொத்தப் பரிசுத்தொகை 10,000 டாலர். அது முப்பதுக்கும் மேற்பட்டவர்க்குப் பிரிந்து போகும். முதற்பரிசு பெறுபவர்க்கே 2,000 டாலருக்குக் குறைவாகத்தான் கிட்டும். முதற்சுற்றில் தோற்றவர்க்குக் கிடைப்பது ஊர் திரும்பவும் போதாது. விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு ஆகிய அனைத்தும் ஆடுபவர் தலையில்தான். பயிற்சியாளரை உடன் அழைத்துச் செல்வதோ பலர்க்குக் கனவு.

இக்கடற்கரையைச் சேர்ந்த மாணவர்களுக்கு இதனை விளக்க ஓர் உவமை கூறலாம். தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளித்தல் நடைபெற்றது. மூச்சை அடக்கிக் கடலடிக்குச் செல்பவன் எடுத்துவரும் சிப்பியில் முத்து இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. எடுத்த சிப்பி அனைத்தும் அவனுக்கு உரியதும் அன்று. பெரும்பங்கு அரசுக்குப் போகும். படகின்மேல் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் கவனம் தப்பினால் கீழே இருப்பவன் உயிர் தப்பாது. தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்வும் இத்தகையதே. ஒவ்வொரு போட்டியும் திறந்து பாராத ஒரு சிப்பி. செலவு முன்னே போகும்; வரவு பின்னே வந்தாலும் வரும், வராமலும் போகும். கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் பெற்றோர்.

ஆண்பிள்ளை விளையாட்டுக்காகச் செலவிடுவதையே பலர் வீண் என்று கருதிய காலத்தில், பெண்பிள்ளையை மட்டையோடு வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்துணிவுக்கு 1998-ஆம் ஆண்டு பயன் கிட்டியது. மெல்போர்ன் நகரில் நடைபெற்ற ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியின் முதற்சுற்றில் இத்தாலி நாட்டின் குளோரியா பிட்சிகினியை நிருபமா வென்றார். திறந்த காலத்தில் பெரும்போட்டி ஒன்றின் ஒற்றையர் பிரிவில் ஓர் ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பு அவரைச் சேர்ந்தது. லீலா ராவ் விம்பிள்டனில் வென்றதற்கும் இவ்வெற்றிக்கும் இடையே 64 ஆண்டுகள்! ஒரே ஒரு சுற்று வெற்றிதானே என்று சிலர் எண்ணலாம். அந்த ஒரு சுற்றை எட்டுவதற்கு எத்தனை ஊர்களில், எத்தனை வெறுங்களங்களில் ஆட வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

உலக ஒற்றையர் வரிசையில் முதல் 150 இடங்களுக்குள் நிருபமா வந்தார். 1998-இல் பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர் பிரிவில் இந்தியாவுக்காக ஆடினார். பின்னர்த் திருமணமாகி நிருபமா சஞ்சீவ் என்னும் பெயரோடு அமெரிக்காவில் குடியேறினார். ஒரு குழந்தைக்குத் தாயான பின், 2010-இல், முப்பது வயதைக் கடந்த நிலையிலும் மீண்டும் போட்டிக் களத்துக்கு வந்தார். தம் வாழ்வை ஒரு நூலாகவும் எழுதி 2013-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் இளையோர்க்கு டென்னிஸ் கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டார். ஆல்தியா கிப்சனுக்கு அந்நாட்டில் வாழ்வளிக்காத ஆட்டம், ஒரு தலைமுறை கடந்தபின் கோயம்புத்தூரிலிருந்து சென்ற பெண்ணுக்கு அங்கே தொழிலாயிற்று. இடையில் நின்று போராடியோரை நாம் மறத்தல் ஆகாது.

ஒருவர் நடந்த தடத்தில் அடுத்தவர் விரைந்து செல்வது இயல்பு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சானியா மிர்சா 2005-இல் ஆஸ்திரேலியப் போட்டியின் மூன்றாம் சுற்று வரை சென்றார்; 2007-இல் ஒற்றையர் வரிசையில் 27-ஆம் இடம் பெற்றார். 2015-இல் இரட்டையர் வரிசையில் உலகின் முதலிடம் அடைந்தார். இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக ஆறு பெரும்பட்டங்கள் வென்று 2023-இல் ஓய்வு பெற்றார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான உலகச் சுற்றுப் போட்டி ஒன்றும் நடைபெற்றது. புள்ளி தேடிக் கடல் கடந்து அலைந்த காலம் போய், போட்டியே நம் வாயிலுக்கு வந்த நாள் அது.

எனினும் குறை முற்றும் நீங்கிவிடவில்லை. பெரும்போட்டிகளில் பரிசு சமமாயினும், கீழ்ப்படிகளில் ஏறுவோரின் செலவு இன்றும் மிகுதி. வரவு இன்றும் குறைவு. உச்சியில் நிற்போரை எல்லோரும் வாழ்த்துவர். பாதிப் படியில் நிற்பவளுக்குக் கை கொடுப்போரே அரியர். நிருபமா போன்றோர் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: திறமை எந்த ஊரிலும் பிறக்கும், அது வளர்வதற்கு உரிய வசதியை ஊரும் நாடும்தான் அளிக்க வேண்டும்.

சாகுபுரத்திலும் ஆறுமுகநேரியிலும் காயல்பட்டினத்திலும் பள்ளிக்குச் செல்லும் மாணவியருள்ளும் விரைந்து ஓடுவோர் உண்டு. குறி தவறாது பந்தை அடிப்போர் உண்டு. அவர்கள் கையில் ஒரு மட்டை கிடைக்குமா, ஆட ஒரு களம் கிடைக்குமா, மாலையில் ஒரு மணி நேரம் வீட்டு வேலையிலிருந்து விடுதலை கிடைக்குமா என்பவை சிறிய வினாக்களாகத் தோன்றலாம். அவற்றுக்கு விடை கூற வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் மட்டும் அல்லர். உடன்பிறந்தாளின் பங்கு வேலையைத் தான் ஏற்று, 'நீ போய் ஆடி வா' என்று கூறும் தமையனும் அவ்விடையின் ஒரு பகுதியே.