பேய் ஏன் மறுபடி வருகிறது?

தமிழகத்துக் கிராமங்களில் பேய் பிடித்தவரை மரத்தடிக்கு அழைத்துப் போவார்கள். பேய் இறங்கியதும் அவர் தலைமுடியில் ஒரு கொத்தை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்துவிடுவார்கள். பேய் அந்த மரத்தில் கட்டுண்டு கிடக்கும் என்பது நம்பிக்கை. சுங்காய், பீடோர், சிலிம் ரிவர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்து இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் முனியாண்டி சாமியோடு இந்த நம்பிக்கையையும் கொண்டுவந்தனர்.

வந்த இடத்திலும் ஓர் ஆணி காத்திருந்தது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய்க்காரர்களின் பழைய நம்பிக்கை. அவள் பிடரியில் ஆணி அடித்துவிட்டால் அழகான பெண்ணாகி, கட்டியவனுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பம் நடத்துவாள். யாராவது விவரம் தெரியாமல் ஆணியைப் பிடுங்கினால் போதும், பழைய பேய்தான்.

பேய்ப் படங்களுக்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வந்தால், "சரக்குத் தீர்ந்துவிட்டது" என்று கேலி செய்வது நம்மவர் வழக்கம். இந்த ஆணியை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேலி பாதிதான் நியாயம் என்பது தெரியும். ஆணி அடித்த கதை எதுவும் முடிந்த கதை அல்ல. பிடுங்குவதற்கு ஒரு கை வரும்வரை அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைத் திரையில் முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் பி.என். ராவ். எம்.ஜி.ஆர். நடித்த 'சாலிவாஹனன்' (1945) படத்தை இயக்கிய அதே ராவ்தான். கேரளத்தில் பிறந்து, தமிழ்ப் படங்களை இயக்கி, பின்னர் சிங்கப்பூர் வந்து மலாய்ப் படவுலகில் நிலைத்தார். கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் வெளிவந்தது. அந்த நிறுவனத்தை நடத்திய இருவரில் ஒருவரான ஹோ ஆ லோக், ஈப்போவில் ஒரு திரையரங்கில் பங்கு வாங்கிப் படத்தொழிலில் இறங்கியவர் என்பது பேராக் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

கதை எளிமையானது. சோமெல் என்ற கூனல் பெண். அழகற்றவள் என்று ஊர் ஒதுக்குகிறது. வளர்த்த கிழவரின் மந்திர மருந்தால் அவள் பேரழகி ஆகிறாள். ஒரே நிபந்தனை, இரத்தத்தை நாவால் தீண்டக் கூடாது. மணமாகிறது, குழந்தை பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை வாயால் உறிஞ்சாவிட்டால் அவன் பிழைக்க மாட்டான். உறிஞ்சினால் அவள் மனுஷியாக இருக்க முடியாது. என்ன செய்வாள்?

மரியா மெனாடோ நடித்த அந்தச் சோமெலைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. சிங்கப்பூரில் படம் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடியது. அதே ஆண்டிலேயே 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ச்சிகள் வந்தன. போட்டி நிறுவனமான ஷா சகோதரர்கள் சும்மா இருப்பார்களா? 'அனாக் பொந்தியானாக்' என்று 1958இல் அவர்களும் ஒன்றை இறக்கினார்கள்.

அது அவசரகாலம். 1948இல் தொடங்கிய கெடுபிடி 1960வரை நீடித்தது. தெற்குப் பேராக்கில் பல தோட்டங்களின் லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தன. அரிசி மூட்டைக்குக்கூடக் கணக்குக் கொடுக்க வேண்டும், இருட்டினால் வெளியே போக முடியாது. காட்டுக்குள் இருப்பது யார், யாரைச் சுடுவார்கள் என்று தெரியாத அந்தப் பயத்துக்குப் பரிகாரம் இல்லை. திரையில் வந்த பயத்துக்கோ முகம் இருந்தது, ஆணி இருந்தது. மேலும், சோமெல் மீது அச்சத்தோடு இரக்கமும் பிறந்தது. அவள் செய்த குற்றம்தான் என்ன? கணவனைக் காப்பாற்றினாள். மூன்றாம் பாகத்தில் மகளைக் காக்க வருகிறாள். இந்த நியாயம் தீராதவரை சனங்கள் டிக்கெட் வாங்கத்தான் செய்வார்கள்.

1980களில் வீடியோ கடைகள் வழியே தோட்டத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்த ஹாலிவுட் கொலைகாரப் பேய்களிடம் இந்தக் கனம் குறைவு. 'ஃபிரைடே தி தேர்டீந்த்' வரிசையின் நான்காம் படம் 1984இல் 'இறுதி அத்தியாயம்' என்ற பெயரிலேயே வந்தது. அடுத்த ஆண்டே ஐந்தாம் படம்! 1986இல் செத்த ஜேசனை மின்னல் தாக்கி எழுப்பினார்கள். அங்கே ஆணியைப் பிடுங்கியது வசூல்தான். 'எல்ம் ஸ்ட்ரீட்' ஃபிரெடி கொஞ்சம் வேறுவகை. ஊர்ப் பெற்றோர் ரகசியமாக எரித்துக் கொன்ற அந்தக் கொலைகாரன் அவர்கள் பிள்ளைகளின் கனவில் வருகிறான். மூடி மறைத்த கணக்கு என்பதால்தானோ என்னவோ, அதில் ஓர் அழுத்தம் உண்டு.

மலாய்ப் பேய்ப் படங்கள் தணிக்கைத் தயக்கத்தால் நெடுங்காலம் அரிதாகிப் போயின. 2004இல் ஷுஹைமி பாபாவின் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' வந்ததும் பழைய கூட்டம் திரும்பியது. மறு ஆண்டே இரண்டாம் பாகமும் வந்தது.

தமிழில் ராகவா லாரன்ஸ் அந்த இடத்தைப் பிடித்தார். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), பின் 2015, 2019 என்று நான்கு படங்கள். இங்கே படத்துக்குப் படம் பேய் மாறும், பேயைத் தாங்கும் பயந்தாங்கொள்ளி மட்டும் மாற மாட்டான். காஞ்சனா ஒரு திருநங்கை. மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி பறித்துக்கொண்டு அவளைக் கொல்கிறான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் சுங்காய் போன்ற ஊர்களில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. தாத்தா பால் வெட்டிய மண்ணில் பேரனுக்கு ஒரு வீட்டுமனை இல்லை என்றால், வழக்குமன்றத்துக்குப் போக முடியாதவளுக்காகப் பேயாவது வரட்டும் என்றுதான் மனம் சொல்லும். நகைச்சுவையின் சத்தம் அதிகம் என்ற குறை உண்மைதான். அதற்காக அடியில் உள்ள வழக்கு பொய்யாகிவிடாது.

ராவின் முதல் இரண்டு பொந்தியானாக் படங்களின் பிரதிகள் இன்று இல்லை. அவை தொலைந்துபோனவையாகவே கருதப்படுகின்றன. எஞ்சியது மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்' மட்டுமே. கேத்தே-கிரிஸின் மிஞ்சிய 91 மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பட்டியலில் சேர்ந்தபோது அதுவும் சேர்ந்தது. மூலமே இல்லாமல், தொடர்ச்சியை மட்டும் இன்றைய இளைஞர் பார்க்கிறார். சோமெல் யார், ஏன் வந்திருக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை.