தன் கதையைத் தானே சொன்ன கல்

மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில் பார்ஹுத் என்றொரு கிராமம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அங்கே செங்கல்லால் கட்டிய ஒரு பௌத்தத் தூபி இருந்தது. அதைச் சுற்றிச் செம்மணற்கல்லில் வேலி எழுப்பினார்கள். அந்த வேலியின் கற்கள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள். அவற்றுக்குப் பேச்சு வாங்கித் தந்தவர் ராக்கல்தாஸ் பானர்ஜி என்ற வங்காளத் தொல்லியலாளர்.

வேலியின் தூண்கள் சுமார் ஏழடி உயரம். அவற்றில் புத்தரின் முற்பிறவிக் கதைகளைச் செதுக்கி, பல காட்சிகளுக்கு மேலே இன்ன கதை என்று பிராமி எழுத்தில் பெயரும் பொறித்தார்கள். ஒரு வட்டச் சிற்பத்தில் ஜேதவனம் என்ற தோப்பு இருக்கிறது. மாட்டு வண்டியில் வந்து இறங்கிய காசுகளை ஆட்கள் தரையில் பரப்புகிறார்கள். புத்தருக்காக அந்தத் தோப்பை விலைக்கு வாங்கிய வணிகர் அனாதபிண்டிகர் அருகிலேயே நிற்கிறார். கிழக்குத் தோரணவாயிலைத் தந்தவன் தனபூதி என்ற சிற்றரசன். சுங்கர் ஆட்சியில் அது கட்டப்பட்டதாக அவனுடைய கல்வெட்டு சொல்கிறது.

அரசன் ஒருவனால் முடிந்த வேலையில்லை அது. பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் ஆளுக்கொரு தூண், ஆளுக்கொரு குறுக்குச்சட்டம் என்று கொடுத்தார்கள். பாடலிபுத்திரத்திலிருந்தும் நாசிக்கிலிருந்தும்கூடக் கொடை வந்தது. முதல் தூணைக் கொடுத்தவள் விதிஷா நகரத்து ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவி. அவள் பெயர் இன்றும் கல்லில் இருக்கிறது.

பிறகு பௌத்தம் அந்த மண்ணில் தேய்ந்தது, தூபியும் சரிந்தது. 1873 நவம்பரில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அங்கே போனபோது, தூபியின் செங்கற்கள் பெரும்பாலும் ஊராரின் வீட்டுச் சுவர்களாகியிருந்தன. மறு ஆண்டு தோண்டியதில், மண்ணுக்குள் விழுந்து கிடந்த தூண்கள் சிற்பம் சிதையாமல் கிடைத்தன. அந்தப் பகுதியை ஆண்ட நாகோட் அரசரின் ஒப்புதலோடு கற்கள் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டன. பிறந்த இடத்திலிருந்து பெயர்ப்பது தகுமா என்ற கண்டனமும் எழுந்தது. விட்டுவந்த கற்களில் தூக்க முடிந்தவற்றையெல்லாம் மக்கள் கட்டட வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்பது கன்னிங்ஹாமின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாபதேவி கொடுத்த கல், அந்த அருங்காட்சியகத்தின் சௌரங்கி வீதிக் கட்டடத்துக்குள் காட்சிப் பொருளாக நின்றபோது, அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை முழுவதும் பார்ஹுத்திலேயே தங்கிவிட்டது.

அந்த வாழ்க்கையை மீட்க வேறொருவர் வேண்டியிருந்தது. 1885இல் முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பஹரம்பூரில் பிறந்த ராக்கல்தாஸ், 1910இல் அதே அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய எழுத்துகளையும் நாணயங்களையும் படிப்பதில் தேர்ந்தவர். 1914இல் ‘பாஷாணேர் கதா’ என்ற அவருடைய வங்காள நூல் வெளிவந்தது. பார்ஹுத் தூபியின் கல் ஒன்று தன் வரலாற்றைத் தன் வாயாலேயே சொல்லும் நூல் அது. அரசர்கள் வந்து போவார்கள், சமயங்கள் ஓங்கித் தாழும். அத்தனைக்கும் சாட்சியாகக் கடைசிவரை இருப்பது கல் என்பதால், கதை சொல்லும் உரிமையை அதற்கே கொடுத்துவிட்டார்.

பின்னர் கௌட மன்னனைப் பற்றி ‘சசாங்கன்’, ஸ்கந்தகுப்தனின் ஹூணப் போர்களைப் பற்றி ‘கருணா’, ஷாஜகான் காலத்து வங்காளத்தில் போர்த்துக்கீசியர் செய்த அட்டூழியத்தைப் பற்றி ‘மயூக்’ என்று நாவல்கள் தொடர்ந்தன. 1915ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலர் வம்சத்தைப் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு நூலும், அந்த வம்சத்துத் தர்மபாலனைப் பற்றிய வங்காள நாவலும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. செப்பேட்டில் படித்ததை ஆய்வாளருக்கு ஒரு நடையிலும் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு இன்னொரு நடையிலும் சொன்னார். இரண்டையும் ஒரே கடமையாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

உலகம் அவரை அறிந்தது வேறொரு தூபியால். சிந்துவில் மொகஞ்சதாரோ மேட்டின் உச்சியில் குஷாணர் காலத்துத் தூபி என்று கருதப்பட்ட ஓர் இடிபாடு இருந்தது. 1922இல் ராக்கல்தாஸ் அங்கே தோண்டியபோது, ஹரப்பாவில் கிடைத்தவற்றை ஒத்த முத்திரைகள் வெளிப்பட்டன. 1924இல் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். ராக்கல்தாஸோ 1926இல் தொல்லியல் துறையை விட்டு விலக நேர்ந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1930இல் 45 வயதில் இறந்தார்.

மொகஞ்சதாரோவை அவர் தோண்டாமல் போயிருந்தால் இன்னொருவர் தோண்டியிருக்கலாம். பார்ஹுத் கல்லின் மனத்துக்குள் புகுந்து எழுத அவர் ஒருவரே வந்தார். கல்லைப் பெயர்த்துக் காப்பாற்றியது கன்னிங்ஹாமின் பணி. காப்பாற்றிய கல்லை மக்களோடு பேச வைத்தது ராக்கல்தாஸின் பணி. முதல் பணி நம் நாட்டில் ஓரளவு நடக்கிறது. இரண்டாவதற்கு ஆள் குறைவு. அகழாய்வுக் குழியில் இறங்கி மண்ணைத் தொட்டவர்கள், ஆய்வறிக்கையை முடித்த கையோடு மக்களுக்காகவும் எழுத முன்வர வேண்டும். பானை ஓட்டுச் சில்லில் தன் பெயரைக் கீறி வைத்த யாரோ ஒருவரும், முதல் தூணைக் கொடுத்த சாபதேவியும் அறிக்கையின் அட்டவணைக்குள் அடங்கிவிடக் கூடாது.