'மெட்ராஸ் பிரசிடென்சி' அணியும் ஒரு வளைந்த காற்றுக் குழாயும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பிரித்தானிய வான்படையின் 264ஆம் அணிக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றொரு பெயர் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காகச் சென்னை மாகாணம் அளித்த நன்கொடையைக் கருதி இடப்பட்ட பெயர் அது. நிஜாமின் கொடையால் 'ஐதராபாத்' என்று வழங்கப்பட்ட அணிகளும் அப்படையில் இருந்தன. 264ஆம் அணி 1940இல் ஓட்டியது டிஃபயன்ட் என்னும் போர் விமானம். அதன் எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் III. ஸ்பிட்ஃபயரின் முதல் வகையிலும் ஹரிக்கேனின் முதல் வகையிலும் இருந்தது இதே எஞ்சின்தான்.

மெர்லினின் கொள்ளளவு 27 லிட்டர். 1936இல் அதன் திறன் ஏறத்தாழ 1000 குதிரைத்திறன். போர் முடியும் தறுவாயில் அது 2000ஐ எட்டியது. கொள்ளளவோ 27 லிட்டராகவே நின்றது. சிலிண்டர் ஒன்றுகூடக் கூட்டப்படவில்லை. இந்த இரட்டிப்பைப் பேசுவோர் பெரும்பாலும் எரிபொருளையோ உலோகத்தையோ காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அவை பொய்யல்ல. ஆனால் கதையின் மையம் காற்று எஞ்சினுக்குள் நுழையும் வழியில் இருக்கிறது என்பது என் துணிபு.

மொழியியல் படித்தவன் என்பதால் ஒரு சிறு விலகல். "எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது" என்று எழுதுகிறோம். இவ்வாக்கியத்தின் எழுவாய் தவறானது. பிஸ்டன் கீழிறங்கி இடம் விடுகிறது, அவ்வளவே. வெளிக்காற்றின் அழுத்தமே காற்றை உள்ளே தள்ளுகிறது. இங்கே வினைமுதல் காற்றுதான், எஞ்சின் அன்று. இதை மனத்தில் கொண்டால் விமான எஞ்சினின் இடர் எளிதில் விளங்கும். 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. தள்ளும் கை தளர்ந்துவிட்டால், தரையில் ஆயிரம் குதிரைத்திறன் தந்த எஞ்சின் மேலே பாதியளவே தரும்.

தளர்ந்த அந்தக் கைக்குத் துணை சூப்பர்சார்ஜர். மெர்லினின் பின்புறத்தில் இருந்த அதன் விசிறிச் சக்கரம் எஞ்சின் தண்டிலிருந்து கியர் வழியே சுழன்றது. மெர்லின் IIIஇல் அந்தக் கியரின் விகிதம் 8.588, எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுழல்கையில் சக்கரம் 25,000க்கும் மேல் சுழலும். மையத்தில் நுழையும் காற்றை விளிம்பை நோக்கி வீசி, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றி, உட்செலுத்தும் குழாய்த்தொகுதிக்கு அனுப்பும். இதற்குச் செலவாகும் திறனை எஞ்சினே ஈட்டித் தரவேண்டும். ஆகவே சூப்பர்சார்ஜர் ஒழுங்காக வேலை செய்யாவிடில் இழப்பு இருமடங்கு. வீணாகும் திறன் வெப்பமாகிக் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. போதாக்குறைக்கு, அது சிலிண்டருக்குள் எரிபொருளைக் காலந்தப்பி வெடிக்கவும் செய்கிறது.

1938 சனவரியில் டார்பி நகர ஆலையில் ஸ்டான்லி ஹூக்கர் வேலைக்குச் சேர்ந்தார். கணிதம் பயின்று, பாய்பொருளியலில் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டறை அனுபவம் இல்லாதவர். ஆலைத் தலைவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ் அவரைப் பார்த்து "நீ அப்படியொன்றும் பொறியாளன் இல்லையே" என்ற பொருள்படக் கேட்டாராம். பின்னாளில் ஹூக்கர் தம் தன்வரலாற்றுக்கு அதையே தலைப்பாக்கிக்கொண்டார். தொடக்கத்தில் அவருக்கென்று ஒரு பணியும் ஒதுக்கப்படவில்லை. ஆலைக்குள் சுற்றித் திரிந்தவரின் கையில் சூப்பர்சார்ஜர் சோதனை அளவீடுகள் கிடைத்தன. தாமறிந்த கணிதத்தால் அவற்றை அலசி, கருவி தரக்கூடியதைத் தரவில்லை என்று அறிக்கை எழுதினார்.

அந்த சூப்பர்சார்ஜருக்குப் பொறுப்பானவர் ஜேம்ஸ் எல்லர். அவர் கற்றுக்குட்டி அல்லர். 1931இல் ஷ்னைடர் கோப்பையை வென்ற 'ஆர்' எஞ்சினை 2300 குதிரைத்திறனுக்கு உயர்த்தியதில் பெரும்பங்கு அவருடையது. புதிதாக வந்த இளைஞன் தம் படைப்பில் குறை கண்டதைப் படித்துவிட்டு, இனி இந்தத் துறையை நீயே பார்த்துக்கொள் என்று ஒப்படைத்தார். ஆய்வு மாணவர்களாகிய நமக்கு இது எவ்வளவு அரிய காட்சி என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளுள் முதன்மையானது காற்று நுழையும் குழாய். கார்புரேட்டரிலிருந்து விசிறியின் மையத்துக்குச் செல்லும் வழி, இடநெருக்கடியால் வெடுக்கென்று வளைந்து குறுகியிருந்தது. வாய்க்காலின் திருப்பத்தில் நீர் சுழித்து நிற்பதுபோலக் காற்றும் அங்கே அழுத்தத்தை இழந்தது. இழந்த பின்னரே விசிறியை அடைந்தது. முன்னமே மெலிந்த காற்றை எவ்வளவு நெருக்கினாலும் ஓரளவுக்குத்தான் பயன். ஹூக்கரின் குழு அந்த வழியை அகலமாக்கி, வளைவைத் தணித்தது. விசிறியையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் திருத்தியது. இத்திருத்தங்களுடன் 1940இல் மெர்லின் XX வந்தது. அடுத்த ஆண்டு ஸ்பிட்ஃபயரின் ஐந்தாம் வகையில் மெர்லின் 45 ஏறியது.

மெர்லின் XXஇல் இன்னொரு மாற்றமும் உண்டு. உயரத்துக்கென்று அமைந்த சூப்பர்சார்ஜர் தாழ்வில் தேவைக்கு மிஞ்சி நெருக்கும். மெர்லின் III தன் முழுத்திறனான 1030ஐத் தந்தது 16,250 அடியில்; அதற்குக் கீழே த்ராட்டிலைப் பாதி மூடியே வைக்க வேண்டும். ஒரு கையால் இறைத்து மறு கையால் மடையை அடைப்பதைப் போன்ற வீண் வேலை. ஃபர்மான் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் உரிமம் பெற்ற இருவேகக் கியர் இதற்கு விடை. ஜெர்மானியரோ டிபி 601 எஞ்சினில் எண்ணெய்வழி இணைப்பைக் கொண்டு விசிறியின் வேகத்தையே படிப்படியின்றி மாற்றினர். அழகில் அவர்களுடைய தீர்வே மேல் என்று எனக்குப் படுகிறது.

எரிபொருளையும் சொல்லிவிட வேண்டும். 1940இல் 87 ஆக்டேனுக்கு மாற்றாக 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும், சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டாக இருந்த மிகையழுத்தத்தைப் பன்னிரண்டாக உயர்த்த முடிந்தது. மெர்லின் III 9000 அடியில் 1310 குதிரைத்திறன் தந்தது. ஆனால் இந்தப் பயன் தாழ்ந்த உயரங்களில்தான். 16,000 அடிக்கு மேல் அதே பழைய குழாய், அதே பழைய இழப்பு.

1941 செப்டம்பரில் ஃபோக்கே-வுல்ஃப் 190 தோன்றியதும் ஸ்பிட்ஃபயர் ஐந்து பின்தங்கியது. கைகொடுத்தது, உயரப் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கென்று உருவாகிவந்த மெர்லின் 61. ஒரே தண்டில் இரு விசிறிகள். முதலாவது நெருக்கியதை இரண்டாவது மேலும் நெருக்கும். இருமுறை நெருக்கிய காற்று கொதிக்குமாதலால், குழாய்த்தொகுதிக்குள் புகுமுன் அதைக் குளிர்விக்க நீர் ஓடும் ஒரு பெட்டி. இதை ஸ்பிட்ஃபயரில் வைத்தால் என்ன என்று கேட்டவர் ஹைவ்ஸ் என்பர். எஞ்சின் சில அங்குலம் நீண்டது, விமானத்தின் மூக்கும் நீண்டது. 1942 சூலையில் ஸ்பிட்ஃபயர் ஒன்பது களமிறங்கியது. ஏறத்தாழ 23,500 அடியில் அதன் எஞ்சின் 1390 குதிரைத்திறன் தந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த உயரத்தில் நினைத்தும் பார்க்க இயலாத எண் அது.

இதை ஒரு தனிமனிதரின் மேதைமையாகச் சொல்லும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினின் ஏனைய பாகங்கள் இவ்வழுத்தத்தைத் தாங்கும்படி ஆண்டுக்கணக்கில் உடைத்து உடைத்துத் திருத்திய சிரில் லவ்சியின் குழு இல்லையேல் ஹூக்கரின் காற்று எஞ்சினைப் பிளந்திருக்கும். மெர்லினின் கார்புரேட்டர் விமானம் மூக்கைத் தாழ்த்திப் பாய்கையில் எஞ்சினைத் திணறடித்தது. அதற்கு 1941இல் துளையிட்ட சிறு தகடு ஒன்றால் தற்காலிகத் தீர்வு கண்டவர் பியட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியாளர். ஆயினும் அந்தக் கார்புரேட்டரை ரோல்ஸ்-ராய்ஸ் விடாப்பிடியாக வைத்திருந்ததற்கும் காற்றே காரணம்: விசிறிக்கு முன்பே தெளிக்கப்பட்ட பெட்ரோல் ஆவியாகையில் காற்றைக் குளிர்வித்தது.

நம் மாகாணத்தின் பெயர் தாங்கிய அணிக்கு வருவோம். டிஃபயன்டில் விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுட ஒன்றுகூட இல்லை. கூண்டும் அதற்குரிய வீரரும் சேர்ந்த எடையை, அதே மெர்லின் III சுமக்க வேண்டியிருந்தது. 1940 மே மாதம் டன்கர்க்கில் எதிரி ஏமாந்தான், ஆகஸ்டில் ஏமாறவில்லை. அணித்தலைவர் ஃபிலிப் ஹன்டர் 24ஆம் தேதி திரும்பவில்லை. சில நாட்களிலேயே பேரிழப்புடன் அணி பகற்போரிலிருந்து விலக்கப்பட்டு இரவுப் போருக்கு மாற்றப்பட்டது. அந்த வானில் காற்றுக் குழாயைத் திருத்தியிருந்தாலும் அவர்களைக் காத்திருக்க முடியுமா என்பது ஐயமே. பிழை எஞ்சினில் இல்லை.

1941இல் அவ்வணிக்கு டிஃபயன்டின் இரண்டாம் வகை வந்தது, மெர்லின் XX எஞ்சினுடன். 1942 மே முதல் இரட்டை எஞ்சின் கொண்ட மொஸ்கீட்டோவை ஓட்டினர். அதன் இரு இறக்கைகளிலும் இருந்தவை மெர்லின் XXஐ ஒட்டி வந்த, அந்த வளைவு தணிக்கப்பட்ட எஞ்சின்கள்.