பீறிடும் நீர்

ஓய்வுக்கு ஹொனலூலு போகத் திட்டமிடுகிறவர்கள் ஓட்டலை விசாரிக்கிறார்கள். மணலை யாரும் விசாரிப்பதில்லை. வைகிக்கி என்றால் ஹவாய் மொழியிலே பீறிடும் நீர். மலையிலிருந்து இறங்கிய ஓடைகள் அங்கே பரவி நின்றன. ஹவாய்க்காரர்கள் சேப்பங்கிழங்கு வைத்தார்கள். பின்னால் சீனர்கள் வந்து நெல் நட்டார்கள், வாத்து வளர்த்தார்கள். 1901இல் மோவானா ஓட்டல் எழும்பிற்று. சேற்று நிலம் கொசுவுக்கு வீடு, சுகாதாரக் கேடு என்று சர்க்கார் தீர்மானித்தது. நெல் விளைந்த மண்ணுக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள்! 1921இல் அலா வாய் கால்வாய் வெட்டத் தொடங்கி, ஓடைகளைத் திருப்பி, தோண்டிய மண்ணை வயல்களிலே கொட்டி மேடாக்கினார்கள். 1928இல் வேலை முடிந்தது. வாத்துக் குட்டைக்காரர் வெளியேறினார். மனை வியாபாரி வந்து சேர்ந்தார். கரையோரம் கட்டிய சுவர்களால் கடல் மணலை அரித்தது. கலிபோர்னியாவிலிருந்துகூட மணல் வந்தது. 2012இல் கடலடி மணலை உறிஞ்சிக் கரையிலே பரப்பினார்கள், 2021இல் மறுபடியும்.