பாலஸ்தீனக் கிராம சபைகள்: பெயர் உண்டு, அதிகாரம்?

கிராமத்திற்கு ஒரு சபை உண்டு, தலைவர் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்திற்கு ஓர் அறை கட்டக்கூட அந்தச் சபையால் அனுமதி தர முடியாது. மேற்குக் கரையில் பல பாலஸ்தீனக் கிராமங்களின் நிலை இதுதான்.

1967 போருக்கு முன் அங்கே ஜோர்டான் சட்டம் நடைமுறையில் இருந்தது. கட்டுமானத் திட்டங்களில் உள்ளூர்க் குழுக்களுக்கும் பங்கு இருந்தது. 1971இல் இஸ்ரேலிய ராணுவத்தின் 418ஆம் ஆணை அந்தப் பங்கைப் பறித்தது.

1976 நகராட்சித் தேர்தலில் பெண்களும் முதன்முறையாக வாக்களித்தனர். பாலஸ்தீன விடுதலை இயக்க ஆதரவாளர்கள் முக்கிய நகரங்களில் வென்றார்கள். இதை இஸ்ரேல் எதிர்பார்க்கவில்லை! 1978இல் முஸ்தபா துதீன் தலைமையில் ஹெப்ரானில் 'கிராமக் கழகம்' தோன்றியது. இஸ்ரேல் அதை வளர்த்தது. அனுமதிச் சீட்டுகள் அதன் வழியாகக் கிடைத்தன. மக்கள் அதைத் துரோகிகளின் கூடாரமாகவே பார்த்தார்கள். நப்லஸ் மேயர் பஸ்ஸாம் ஷகா 1980இல் யூதக் குடியேறிகளின் ரகசியக் குழு வைத்த கார் குண்டில் இரு கால்களையும் இழந்தார். 1982இல் அவர் பதவியும் பறிபோனது. கிராமக் கழகங்களும் 80களிலேயே மடிந்தன.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2004 டிசம்பரில்தான் தொடங்கியது. 28 ஆண்டுகள்!

இதற்கிடையே 1995இன் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி எனப் பிரித்தது. சுமார் 60 சதவீத நிலம் 'சி' பகுதி. அங்கே கல்வி, சுகாதாரம் பாலஸ்தீன அதிகார சபையின் பொறுப்பு. நிலமும் கட்டுமானமும் இஸ்ரேலின் கையில். ஆசிரியரை அனுப்பலாம், சுவர் எழுப்ப முடியாது. என் பார்வையில் சிக்கலின் மையம் இதுவே. கான் அல் அஹ்மர் என்ற பெதுவின் குடியிருப்பில் 2009இல் பழைய டயர்களையும் மண்ணையும் கொண்டு பள்ளி எழுப்பினார்கள். அதற்கும் இடிப்பு ஆணை வந்தது.